பாகவதர் கேஸும் பஸ் கேஸும்

எங்க ஊர் கீழ்பென்னாத்தூர். திருவண்ணாமலையில இருந்து செஞ்சி, திண்டிவனம் வழியா மெட்ராஸ் போற ரோட்டுல இருக்கு. ரோட்டு மேல ஊர் இருந்தா என்ன ஆகும்னு ரோட்டோர ஊர்க்காரங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு தெருவுலயும் விபத்துல கால் போன ஒருத்தர், ஆள் போன ஒரு வீடு இருக்கும். அதனால எங்க ஊர்ல பத்தாவது தாண்டாத பெரிசுங்க கூட எஃப்.ஐ.ஆர்., வாய்தா, ஊன சர்டிஃபிகேட் எல்லாம் சரளமா பேசுவாங்க.

எங்க மாமா ஒருத்தர் அப்படித்தான் சட்டம் கத்துக்கிட்டார். காலங்காத்தால சைக்கிள்ல பால் ஊத்தப் போனவரை ஒரு பஸ் தட்டிவிட்டுப் போயிடுச்சி. வலது கால் ரெண்டு இடத்துல முறிஞ்சது. ஒரே விபத்துக்கு ரெண்டு கேஸ். டிரைவர் மேல போலீஸ் போட்ட கிரிமினல் கேஸ் ஒண்ணு, இந்திய தண்டனைச் சட்டம் 279, 338-இன் கீழ. நஷ்ட ஈடு கேட்டு மாமா போட்ட கேஸ் இன்னொண்ணு. கிரிமினல் கேஸ்ல நேர்ல பார்த்த சாட்சின்னு போலீஸ் கொண்டுவந்த டீக்கடைக்காரர் கூண்டுல ஏறி, "சத்தம் கேட்டுத்தான் ஓடியாந்தேங்க, பஸ் எப்படி வந்துச்சின்னு பாக்கலீங்க"ன்னு சொல்லிட்டார். டிரைவர் விடுதலை.

மாமா அன்னிக்கு வீட்டுக்கு வந்து சோறு கூட சாப்பிடல. "இன்னாபா இது, அவன் மேல தப்பு இல்லன்னு கோர்ட்டே சொல்டாங்க. அப்போ தப்பு என்னுதா? இனிமே எனக்கு எவன் பணம் குடுப்பான்?"னு கேட்டார். பக்கத்துல உக்காந்திருந்த தாத்தா வெத்தலையைத் துப்பிட்டு, "பாகவதரையே உள்ள வெச்சி, அப்புறம் தப்பு இல்லன்னு வுட்டாங்கடா. கோர்ட்டு சொல்றதுக்கு ஒரே அர்த்தம் கிடையாது"ன்னார்.

தாத்தா தெரிஞ்சு சொன்னாரா, வாய்க்கு வந்ததைச் சொன்னாரான்னு தெரியாது. ஆனா அந்த ஒரு வரிதான் என்னை லட்சுமிகாந்தன் கொலை வழக்கு பக்கம் இழுத்துட்டுப் போச்சு. இந்த வழக்கைப் பத்தி நம்ம ஆளுங்க நிறைய எழுதியாச்சு. எல்லாத்துலயும் பாகவதர் இருப்பார், கலைவாணர் இருப்பார், மஞ்சள் பத்திரிகை இருக்கும். வக்கீல்கள் மட்டும் ஒரு வரியில வந்துட்டுப் போயிடுவாங்க. எனக்கு என்னவோ இது வக்கீல்களோட கதைன்னுதான் படுது.

கதை தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம். சி.என். லட்சுமிகாந்தன் கோர்ட் வாசல்லயே வளர்ந்த ஆள்னு சொல்லலாம். வக்கீல் ஆகணும்னு ஆசை, ஆகல. போலிப் பத்திர விவகாரத்துல மாட்டி, அந்தமான் வரைக்கும் போய்ட்டு வந்தார். 1943-ல 'சினிமா தூது'ன்னு ஒரு பத்திரிகை ஆரம்பிச்சார். நடிகர் நடிகைகளோட அந்தரங்கம்தான் அதுல சரக்கு. எழுதாம இருக்கணும்னா காசு, எழுதினா விற்பனை, ரெண்டு பக்கமும் வருமானம். (பேர் போடாம அடுத்தவன் வீட்டு விஷயத்தை எழுதறதுக்கு இணையம் வந்துதான் வழி காட்டுச்சுன்னு நினைக்கிறவங்க கவனிக்க.) யுத்த காலம், காகிதத் தட்டுப்பாடு, பத்திரிகை நடத்த லைசென்ஸ் வேணும். தியாகராஜ பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், கோவை பட்சிராஜா ஸ்டூடியோ ஸ்ரீராமுலு நாயுடு மூணு பேரும் கவர்னர் ஆர்தர் ஹோப்கிட்ட மனு கொடுத்தாங்க. லைசென்ஸ் ரத்தாச்சு. மனுஷன் அசரல. 'இந்து நேசன்'ங்கற பத்திரிகையை வாங்கி அதுல தொடர்ந்தார்.

1944 நவம்பர் 8. வேப்பேரியில தன்னோட வக்கீல் நண்பரைப் பார்த்துட்டு ரிக்‌ஷாவுல திரும்பும்போது லட்சுமிகாந்தனைக் கத்தியால குத்தினாங்க. பெரியாஸ்பத்திரியில மறுநாள் விடியக்காலை செத்துப் போனார். 'ஹரிதாஸ்' ரிலீஸ் ஆகி மூணு வாரம் கூட முழுசா முடிஞ்சிருந்தா ஜாஸ்தி. அந்த வருஷ தீபாவளிக்கு வந்த படம், மூணு தீபாவளி பார்த்துச்சு. படம் ஓடிக்கிட்டே இருந்துச்சு, ஹீரோ டிசம்பர்ல கைதானார். கலைவாணரும் நாயுடுவும் கூட.

இப்ப கேஸுக்குள்ள போவோம். இவங்க மூணு பேரும் கத்தி எடுத்துக் குத்தினதா போலீஸே சொல்லல. குற்றச்சாட்டு சதி. குத்தினவங்க வேற, குத்தச் சொன்னவங்க இவங்கன்னு கேஸ். டிஃபென்ஸ் வக்கீலுக்கு இதை விடத் தலைவலி கிடையாது. சாதாரண கொலை கேஸ்னா, "அந்த நேரத்துல என் கட்சிக்காரர் வேற ஊர்ல இருந்தார்"னு நிரூபிச்சா பாதிக் கிணறு தாண்டின மாதிரி. சதி கேஸ்ல அது உதவாது. ஆள் எங்க இருந்தாலும் சதியில இருக்கலாமே! ரூமுக்குள்ள நடந்ததா சொல்ற பேச்சுக்கு என்ன சாட்சி இருக்கும்? அந்த ரூமுல இருந்த இன்னொருத்தன்தான் சாட்சி. அவனும் குற்றவாளி. அவனுக்கு மன்னிப்பு கொடுத்து சாட்சியா மாத்தணும். அவன் பேர்தான் அப்ரூவர். இந்தக் கேஸ்லயும் ஒரு அப்ரூவர் இருந்தார்.

அப்ரூவர் விஷயத்துல சட்டமே ரெண்டு மனசா இருந்துச்சு. 1872-ஆம் வருஷ சாட்சியச் சட்டத்துல 133-ஆவது பிரிவு, கூட்டாளி சொல்றதை மட்டும் வெச்சு தண்டனை கொடுத்தா அது சட்டவிரோதம் இல்லன்னு சொல்லும். அதே சட்டத்துல 114-ஆவது பிரிவோட உதாரணம் ஒண்ணு, கூட்டாளியோட பேச்சு முக்கியமான விஷயங்கள்ல வேற ஆதாரத்தோட ஒத்துப் போகலன்னா நம்பத்தகாதவன்னு கோர்ட் அனுமானிக்கலாம்னு சொல்லும். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருந்த சந்துலதான் கிரிமினல் வக்கீல் தொழில் பண்ணினார். நம்ம பக்கத்துலயே பழைய கதை இருக்கு. 1919-ல சென்னையில ஜமீன் வாரிசுகள் படிச்ச நியூவிங்டன் விடுதியோட வெள்ளைக்கார பிரின்சிபால் டி லா ஹே சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு ஜமீன் பையன் அப்ரூவர், இன்னொரு ஜமீன் பையன் கைதி. கேஸ் பம்பாய்க்கு மாறிச்சு. கைதி விடுதலை ஆயிட்டார்.

சினிமாவுல வக்கீல் மேஜையைத் தட்டி வசனம் பேசுவார், சாட்சி கதறி அழுது உண்மையைக் கக்குவான். நான் திருவண்ணாமலை கோர்ட்ல மாமாவோட அலைஞ்ச நாள்ல பார்த்தது வேற. குறுக்கு விசாரணைங்கறது பாதி நேரம் சலிப்பா இருக்கும். "போலீஸ் உங்களை எத்தனை மணிக்கு விசாரிச்சாங்க? அதை அவங்க எழுதினாங்களா? இப்ப சொல்றதை அப்ப சொன்னீங்களா?" இப்படியே போகும். கூண்டுல நிக்கறவர் சொன்ன ஒரு வார்த்தை, போலீஸ்ல சொன்ன வார்த்தையோட ஒட்டாம நிக்கும். வக்கீல் அதைக் குறிச்சிக்கிட்டு உக்காந்துடுவார். கத்த மாட்டார். அந்த ஒட்டாத வார்த்தைதான் ரெண்டு வருஷம் கழிச்சு அப்பீல்ல வேலை செய்யும். இதைப் பார்க்காம இருந்திருந்தா லட்சுமிகாந்தன் கேஸ் எனக்குப் புரிஞ்சிருக்காது.

விசாரணை சென்னை ஹைகோர்ட்லயே நடந்துச்சு. நீதிபதி வியர் மாக்கெட். அரசு வக்கீல் பி. கோவிந்த மேனன். சாதாரண ஆள் இல்ல. பின்னாடி டோக்கியோவுல ஜப்பான் தலைவர்கள் மேல நடந்த போர்க்குற்ற விசாரணைக்கு இந்தியா சார்பா போனவர், அப்புறம் சுப்ரீம் கோர்ட் நீதிபதி. எதிர்த்தரப்பும் சளைச்சது இல்ல. பாகவதருக்கு வி.டி. ரங்கசாமி ஐயங்கார். கலைவாணருக்கு பம்பாயில இருந்து கே.எம். முன்ஷி. குஜராத்தி நாவலாசிரியர், பின்னாடி அரசியல் சட்ட வரைவுக் குழுவுல உக்காந்தவர், அதே முன்ஷிதான். கோவிந்த் சுவாமிநாதனும் இருந்தார். இவரோட தங்கச்சி யாருன்னு தெரியுமா? கேப்டன் லட்சுமி. அண்ணன் மெட்ராஸ்ல கறுப்பு கவுன் போட்டுக்கிட்டு சினிமாக்காரங்க கேஸ்ல வாதாடின அந்த மாசங்கள்ல தங்கச்சி பர்மாவுல ஜான்சி ராணி படைக்குத் தலைமை தாங்கிட்டிருந்தாங்க. என்ன குடும்பம்பா அது!

இவ்வளவு பெரிய ஆளுங்க இருந்தும் தோத்தாங்க. ஒன்பது பேர் கொண்ட ஜூரி. ஆறு பேர் குற்றவாளின்னாங்க, மூணு பேர் இல்லன்னாங்க. அன்னிக்கு இருந்த சட்டப்படி ஹைகோர்ட் ஜூரியில ஆறு பேர் ஒத்துக்கிட்டு, நீதிபதியும் ஒத்துக்கிட்டா போதும். ஒரே ஒரு ஆள் மாறியிருந்தா அந்தத் தீர்ப்பு நின்னிருக்காது. யோசிச்சுப் பாருங்க, தமிழ்நாட்டோட முதல் சூப்பர் ஸ்டாரோட வாழ்க்கை ஒரே ஒரு ஆளோட மனசுல தொங்கிச்சு. ஸ்ரீராமுலு நாயுடு விடுதலை. பாகவதருக்கும் கலைவாணருக்கும் 1945 மே 3-ஆம் தேதி ஆயுள் தீவாந்தர சிக்ஷை. தீவாந்தரம்னா அந்தமான். அந்தமான் அப்ப ஜப்பான்காரன் கையில இருந்துச்சு! கைதியை அனுப்பணும்னா எதிரி நாட்டுக்குத்தான் அனுப்பணும். தண்டனையோட பேர் மட்டும் மாறல, உள்ளூர் ஜெயில்லயே இருந்தாங்க.

ஜூரி தீர்ப்புல ஒரு சங்கடம் இருக்கு. ஏன் குற்றவாளின்னு காரணம் சொல்ல மாட்டாங்க. நீதிபதி எழுதின தீர்ப்புன்னா பத்தி பத்தியா பிரிச்சு, இங்க தப்பு அங்க தப்புன்னு அப்பீல்ல காட்டலாம். ஜூரி ஒரே வார்த்தையில முடிச்சிடும். வக்கீல் எதைப் பிடிச்சுத் தொங்குவார்? ஜூரிக்கு நீதிபதி சொன்ன விளக்கவுரையை எடுத்துக்கணும், மலையா குவிஞ்சு கிடக்கற சாட்சியத்தை எடுத்துக்கணும்.

இதை விடப் பெரிய ஆச்சரியம் ஒண்ணு. ஹைகோர்ட் செஷன்ஸ்ல ஜூரி சொன்ன தீர்ப்பு மேல, சாட்சியம் சரியில்லன்னு அப்பீல் பண்ற வழியே ரொம்ப வருஷமா இல்ல. 1943-லதான் கிரிமினல் நடைமுறைச் சட்டத்துல 411-ஏன்னு ஒரு பிரிவைச் சேர்த்து அந்தக் கதவைத் திறந்தாங்க. அதுவும் பாதிக் கதவுதான். கேஸ் கேட்ட நீதிபதி இது அப்பீலுக்குத் தகுந்ததுன்னு சர்டிஃபிகேட் தரணும், இல்லன்னா அப்பீல் கோர்ட் அனுமதி தரணும். லட்சுமிகாந்தன் 1942-ல குத்துப்பட்டிருந்தா பாகவதருக்கு இந்தப் பாதிக் கதவும் கிடையாது. ஜனங்க "பாகவதர் கேஸை லண்டன் வரைக்கும் கொண்டுபோனாங்க"ன்னு பணத்தைப் பத்தித்தான் பேசுவாங்க. பணம் இருந்துச்சு, வாஸ்தவம். ஆனா பணம் நடந்து போறதுக்கு ஒரு பாதை வேணுமே. அந்தப் பாதைக்கு அப்ப வயசு ரெண்டே வருஷம்.

சென்னை ஹைகோர்ட்ல முதல் அப்பீல் 1945-லயே தள்ளுபடி. அப்புறம் லண்டன் பிரிவி கவுன்சில். அவங்க விடுதலை பண்ணல. நிறைய பேர் இதைத் தப்பா எழுதறாங்க. அப்பீலை மறுபடியும் சரியா கேளுங்கன்னு சென்னைக்கே திருப்பி அனுப்பினாங்க. இங்கதான் நம்ம ஜில்லாக்காரர் வர்றார்.

வி.எல். எத்திராஜ். வேலூர்ல 1890-ல பிறந்தவர். (திருவண்ணாமலை 1989-ல தனி மாவட்டமா பிரியற வரைக்கும் நாங்க எல்லாம் வேலூர் தலைநகரா இருந்த வடாற்காடு ஜில்லாதான். அதனால நம்ம ஜில்லாக்காரர்னு சொல்லிக்க எனக்கு உரிமை உண்டு.) சென்னை மாநிலக் கல்லூரி, அப்புறம் டப்ளின்ல படிப்பு, பாரிஸ்டர். சென்னையில கிரௌன் பிராசிக்யூட்டர் பதவிக்கு வந்த முதல் இந்தியர், 1937-ல. அதாவது அரசுத் தரப்பு கேஸை எப்படிக் கட்டும், எந்த மூலையில செங்கல் ஆடும்னு உள்ள இருந்து பார்த்தவர். அப்படிப்பட்டவர் இந்தப் பக்கம் வந்து நின்னா எப்படி இருக்கும்?

ஹாப்பல், சகாபுதீன்னு ரெண்டு நீதிபதிகள் முன்னால அப்பீல் மறுபடியும் நடந்துச்சு. அங்க கூண்டு கிடையாது, சாட்சி கிடையாது, ஜூரி கிடையாது. முழுக்கக் காகிதம்தான். 1945-ல தோத்துப்போன வக்கீல்கள் குறுக்கு விசாரணையில ஒவ்வொரு கேள்வியா கேட்டு வாங்கி வெச்சது எல்லாம் அந்தக் காகிதத்துல இருந்துச்சு. எத்திராஜ் அதை வெச்சுக்கிட்டுத்தான் வாதாடினார். ஜெயிச்ச வக்கீல் பேர் மட்டும் நிக்குது, தோத்தவங்க பேர் மறந்துபோச்சு. இது எனக்கு நியாயமா படல. கீழ்கோர்ட்ல கேட்காத கேள்விக்கு மேல்கோர்ட்ல பதில் கிடைக்காதுன்னு எங்க மாமாவோட வக்கீல் அடிக்கடி சொல்வார்.

1947 ஏப்ரல் 25. ரெண்டு பேரும் விடுதலை. சதியோட இவங்களைச் சேர்த்துக் கட்டற அளவுக்கு நம்பத்தகுந்த சாட்சியம் இல்ல. கைதானதுல இருந்து ரெண்டேகால் வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு.

இப்ப தாத்தா சொன்னதுக்கு வர்றேன். பாகவதர் கொலைக்கு உடந்தை இல்லன்னு அந்தத் தீர்ப்பு நிரூபிச்சுதான்னு கேட்டா, கிரிமினல் கோர்ட்டோட வேலை அது இல்ல. குற்றம் நிரூபிக்கப்பட்டுதா இல்லையாங்கறது மட்டும்தான் அங்க கேள்வி. நிரூபிக்க வேண்டியது சர்க்கார். நியாயமான சந்தேகம் ஒண்ணு மிச்சம் இருந்தாலும் கைதி வீட்டுக்குப் போகணும். தான் நல்லவன்னு நிரூபிக்க வேண்டிய கடமை கைதிக்கு இல்ல. இது சட்டப் புத்தகத்துல. ஊர்ல வேற சட்டம் ஓடுது. கோர்ட் விட்டாலும் ஊர், "நெருப்பில்லாம புகையுமா"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். கலைவாணர் அந்தக் கேள்வியைத் தன்னோட பாணியில சிரிச்சே தாண்டிட்டார், மறுபடியும் மேல வந்தார். பாகவதரால முடியல. 'ராஜ முக்தி' 1948-ல வந்துச்சு, அப்புறம் 'அமரகவி', 'சியாமளா', 'புதுவாழ்வு'. எதுவும் 'ஹரிதாஸ்' பக்கத்துல கூட வரல. 1959 நவம்பர் 1-ஆம் தேதி போய்ச் சேர்ந்தார். குரல் போச்சு, காலம் மாறிப்போச்சுன்னு நிறைய காரணம் சொல்றாங்க. உச்சத்துல இருந்த ஒரு பாடகனோட ரெண்டு வருஷத்தை எடுத்துக்கிட்டு, அப்புறம் சாரி சொல்லக் கூட தேவையில்லாம அனுப்பி வெச்சது சட்டம். அதுக்கு நஷ்ட ஈடு எதுவும் கிடையாது.

நஷ்ட ஈடுன்னதும் மாமா ஞாபகம் வருது, அவரை நடுத்தெருவுல விட்டுட்டேன் பாருங்க.

மாமா வாய்விட்டுக் கேட்ட கேள்விக்கு 1980-லயே சுப்ரீம் கோர்ட் பதில் சொல்லியிருக்கு. அதுவும் தமிழ்நாட்டு பஸ் கேஸ்லதான். ராத்திரி நேரம் போய்க்கிட்டிருந்த ஒரு தனியார் பஸ், தொங்கிக்கிட்டிருந்த ஹை டென்ஷன் ஒயர்ல பட்டுடுச்சு. 26 பேர் பாதிக்கப்பட்டாங்க, அதுல 8 பேர் அந்த இடத்துலயே செத்துட்டாங்க. கிரிமினல் கோர்ட் டிரைவரை விட்டுடுச்சு. உடனே பஸ் முதலாளி தரப்பு, "டிரைவர் மேல தப்பு இல்லன்னு ஆயாச்சு, இது தெய்வச் செயல், பணம் எதுக்கு?"ன்னு கேட்டாங்க. ஜஸ்டிஸ் வி.ஆர். கிருஷ்ணய்யர் ஒத்துக்கல. கிரிமினல் கேஸ்ல தண்டனை கொடுக்கத் தேவைப்படற நிரூபணம் வேற, நஷ்ட ஈடுக்குத் தேவைப்படற நிரூபணம் வேற. இங்க எது நடந்திருக்க அதிக வாய்ப்புன்னு பார்த்தா போதும். டிரைவர் ஜெயிலுக்குப் போகலங்கறதுக்காக செத்தவன் பொண்டாட்டி பட்டினி கிடக்கணும்னு இல்ல. நுணுக்கம் பேசிப் பேசி விபத்துல அடிபட்டவங்களை அலைக்கழிக்காதீங்கன்னும், கேஸை சீக்கிரம் முடிங்கன்னும் ட்ரிப்யூனல்களுக்குச் சொன்னார். அவரே ஆரம்பத்துல தலசேரியில கிரிமினல் கேஸ் எல்லாம் நடத்தின வக்கீல்தான்.

ரெண்டு கேஸையும் சேர்த்துப் பார்த்தா எனக்கு ஒண்ணு தோணுது. சந்தேகத்தோட பலன் பாகவதருக்குப் போகணும், அந்த பஸ் டிரைவருக்கும் போகணும். டீக்கடைக்காரர் பார்க்கலன்னா பார்க்கலதான். எங்க மாமா கால் முறிஞ்சதுக்காக ஒரு ஆளை அரைகுறை சாட்சியத்துல ஜெயில்ல போடறது சரி இல்ல. இதை அன்னிக்கு மாமாகிட்ட சொல்லியிருந்தா ஊன்றுகோலாலயே அடிச்சிருப்பார். ஆனா அந்த சந்தேகத்தோட செலவையும் அடிபட்டவன் தலையில ஏத்தக் கூடாது. பாகவதர் கேஸ்ல அதை யாரும் யோசிச்சதாவே தெரியல. லட்சுமிகாந்தன் மோசமான ஆள்னு நானும்தான் மேல எழுதினேன். இருந்தாலும் குத்துப்பட்டுச் செத்தது அவர். அவர் சார்பா பரிதாபப்பட்டு ஒரு வரி எழுதினவங்களை நான் பார்த்தது ரொம்பக் கம்மி. 1855-லயே சாவுக்கு நஷ்ட ஈடு கேட்க ஒரு சட்டம் வந்துடுச்சு. ஆனா அதுக்கு யார் மேல கேக்கறதுன்னு தெரியணும்.

மாமா கேஸ் நாலு வருஷம் இழுத்துச்சு. வூண்ட் சர்டிஃபிகேட், ஆஸ்பத்திரி பில், பால் சொசைட்டி கணக்குப் புத்தகம் எல்லாம் காட்டி, டாக்டர் வந்து ஊனம் எவ்வளவுன்னு சாட்சி சொல்லி, கடைசியில பணம் வந்துச்சு. கேட்டதுல பாதி. பாதி பாதியா கழிச்சது போக மீதியில ரெண்டு கறவை மாடு வாங்கினார். எத்திராஜ் 1948-ல சென்னையில பெண்கள் கல்லூரி ஆரம்பிச்சார், நம்ம மாமா கொட்டகை போட்டார், அவங்கவங்க வசதி.

பாகவதர் கதையை முழுசா படிச்சு முடிச்சதும் மாமாகிட்ட போய் ஒண்ணு விடாம சொன்னேன். மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டே கேட்டார்.

"எல்லாம் சரிபா. அந்த பேப்பர்காரனைக் குத்தச் சொன்னது யாரு?"

"அது கடைசி வரைக்கும் நிரூபணம் ஆகல மாமா."

"அப்போ அவன் கேஸு இன்னும் வாய்தாவுலதான் கீதுன்னு சொல்லு"ன்னுட்டு வாளியை எடுத்துக்கிட்டுப் போயிட்டார்.